சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வு: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே கணக்குப் பயிற்சி

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, கணக்கை வீட்டிலேயே எப்படிப் பழக்குவது என்பதுதான் இந்தப் பதிவு. என் அக்கா மகனை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்தது நான்தான். திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்குப் பயிற்சி மையம் அனுப்பிவைக்கத் தோதுப்படவில்லை. அதனால் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினோம். இப்போது அவன் தங்கைக்கும் அதே முறைதான். பெண் பிள்ளைகளும் எழுதலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை, அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள்.

தாளின் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்

மொத்தம் 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். அதில் கணக்கு 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆக 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றும் தலா 25 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண். பாதித் தேர்வு கணக்குதான். தப்பான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது. கேள்வித்தாளைத் தமிழிலேயே வாங்கி எழுதலாம், ஆனால் விண்ணப்பிக்கும்போதே தமிழைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்தபின் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதற்கான தயாரிப்பு தனி, இங்கே அதற்குள் போகவில்லை.

எந்தப் புத்தகம்?

தேர்வு எழுதுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கேட்பதோ மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு), விகிதம், இலாப நட்டம், சதவீதம், தனிவட்டி, சராசரி. நம் சமச்சீர் பாடத்தில் விகிதம் ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் வருகிறது. மீ.பெ.கா, மீ.சி.ம, இலாப நட்டம் மூன்றும் ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவம். சதவீதம், தனிவட்டி, சராசரி ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்துக்குப் போய்விடுகின்றன. பள்ளியில் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளைகூட மாதிரித் தாளைப் பார்த்து முழிப்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு “உனக்குக் கணக்கு வராது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சொல்லிக் கொடுக்காத பாடத்தைப் பிள்ளை எப்படிப் போடும்?

எனவே கடைக்குப் போய் கைடு வாங்கும் முன், பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களின் தமிழ் வழிப் பதிப்பை இலவசமாகப் பதிவிறக்கி, மேலே சொன்ன பாடங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். கைடு ஒன்றே ஒன்று போதும், அதுவும் பழைய வினாத்தாள்களுக்காக மட்டும். கைடில் விடைக் குறிப்பு தப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. பிள்ளையின் விடையும் புத்தக விடையும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

செல்போன் ஆப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொட்டுத் தொட்டு விடை சொல்லும் பிள்ளைக்கு எழுதிப் போடும் பழக்கமே விட்டுப்போகிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் இருந்தால் போதும்.

வரிசை

பெருக்கல் வாய்ப்பாடு 20 வரை சரளமாக வர வேண்டும். அப்புறம் பகா எண், காரணி, மடங்கு. அதற்குப் பிறகு பின்னம். பின்னம் உறுதியாக நின்றால் விகிதம், சதவீதம், இலாப நட்டம் எல்லாம் அதன் மேலேயே ஏறிவிடும். 25% என்றால் கால், 12½% என்றால் எட்டில் ஒன்று என்று சட்டெனச் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தனிவட்டிக்கு உடனே சூத்திரம் கொடுக்காதீர்கள். 8% வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு எட்டு ரூபாய். 5,000 ரூபாயில் ஐம்பது நூறு, ஆக வருஷத்துக்கு 400, மூன்று வருஷத்துக்கு 1,200. இப்படி வாயால் சொல்லப் பழகிய பிறகு சூத்திரம் காட்டினால் போதும். ரோமன் எண், கோணங்களின் வகை, அலகு மாற்றம் இவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், சீக்கிரம் முடிந்துவிடும்.

மீ.பெ.கா-வா, மீ.சி.ம-வா?

எங்களை ரொம்ப நாள் நிறுத்திவைத்தது இதுதான். இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் மருமகன் தப்பில்லாமல் போடுவான். வாக்கியக் கணக்கு என்று வந்துவிட்டால், “மாமா, இதுக்கு எது?” என்று நிமிர்ந்து பார்ப்பான். ‘மிகப்பெரிய’ என்று வந்தால் மீ.பெ.கா, ‘குறைந்தது’ என்று வந்தால் மீ.சி.ம என்று யாரோ குறுக்குவழி சொல்லிவைத்திருந்தார்கள். அந்தக் குறுக்குவழி இந்தக் கணக்கில் கவிழ்த்துவிடும்:

*ஓர் அறையின் நீளம் 420 செ.மீ., அகலம் 300 செ.மீ. ஒரே அளவுள்ள சதுர டைல்ஸ்களை உடைக்காமல் தரை முழுக்கப் பதிக்கக் குறைந்தது எத்தனை டைல்ஸ் வேண்டும்?*

‘குறைந்தது’ என்பதைப் பார்த்ததும் மீ.சி.ம போட்டு 2100 என்று குறித்துவிடுவார்கள். விடைத் தெரிவுகளிலும் 2100 இருக்கும்.

இங்கேதான் கட்டம் போட்ட நோட்டு கைகொடுத்தது. ஒரு கட்டம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டு 14 கட்டம் நீளம், 10 கட்டம் அகலத்துக்கு அறையை வரையச் சொன்னேன். ஒரு கட்டத்துக்கு ஒரு டைல்ஸ் என்றால் 140 டைல்ஸ். சரி, இரண்டு கட்டம் அகலமுள்ள டைல்ஸ்? நீளத்தில் 7, அகலத்தில் 5, ஆக 35. மூன்று கட்டம்? நீளத்தில் நான்கு வைத்தபின் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது, உடைக்க வேண்டும். நான்கு கட்டம்? அதுவும் உட்காரவில்லை. பென்சிலை வைத்துவிட்டு அவனே சொன்னான்: “மாமா, டைல்ஸ் பெருசாக ஆக எண்ணிக்கை குறையுது. அப்ப டைல்ஸ் எவ்வளவு பெருசா இருக்கலாம்னுதானே கேக்குறாங்க?” ஆமாம். மிகப்பெரிய டைல்ஸின் பக்கம் 420, 300 இரண்டின் மீ.பெ.கா, அதாவது 60 செ.மீ. ஆனால் கேட்டது பக்கமல்ல, எண்ணிக்கை. 7 × 5 = 35. தெரிவுகளில் 60-உம் இருக்கும், எச்சரிக்கை.

அதன்பின் நாங்கள் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: கண்டுபிடிக்க வேண்டிய அளவு, கொடுத்த எண்களுக்குள் அடங்க வேண்டுமா, இல்லை கொடுத்த எண்கள் அதற்குள் அடங்க வேண்டுமா? டைல்ஸ் அறைக்குள் அடங்க வேண்டும், எனவே மீ.பெ.கா. 72 மீட்டர், 60 மீட்டர் கயிறுகளை மிச்சமில்லாமல் சம துண்டுகளாக வெட்டுவதும் அப்படித்தான். துண்டு அதிகபட்சம் 12 மீட்டர். எத்தனை துண்டு என்று கேட்டால் 6 + 5 = 11.

மறுபக்கம் பாருங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு பேருந்து 12 நிமிடத்துக்கு ஒருமுறையும், இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறையும் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பின. அடுத்து எப்போது சேரும்? 12-உம் 18-உம் அந்த நேரத்துக்குள் மீதியில்லாமல் அடங்க வேண்டும், ஆக மீ.சி.ம 36, அதாவது 6.36. இதையே ‘6 மணி முதல் 9 மணி வரை எத்தனை முறை சேர்ந்து கிளம்பும்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். 180-ஐ 36-ஆல் வகுத்து 5 என்று நிறுத்தக்கூடாது. 6 மணிக்குக் கிளம்பியதும் சேர்த்து 6 முறை.

ஒரு வாரம் விடையே கண்டுபிடிக்கச் சொல்லாமல், வாக்கியக் கணக்குகளை வாசித்து எது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஏன் என்று ஒரு வரி காரணமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நூறு கணக்கு போடுவதைவிட இதில் பலன் அதிகம்.

ஓ.எம்.ஆர். பயிற்சி

விடையைக் கணினி திருத்தும் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பிக் குறிக்க வேண்டும், அதுவும் பேனாவில். நிரப்பியதை அழிக்க முடியாது. கேள்வி 17-க்கான விடையை 18-இல் நிரப்பிவிட்டால் அதற்கப்புறம் எல்லாமே தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணை விரலால் தொட்டுவிட்டு நிரப்பும் பழக்கம் வேண்டும். வெற்று ஓ.எம்.ஆர். தாளை மொத்தமாக ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்தோம்: கணக்கின் 50 கேள்விக்கு 75 நிமிடம், மற்ற 75 கேள்விக்கு 75 நிமிடம். ஒரு கணக்கில் இரண்டு நிமிடம் தாண்டினால் கேள்வித்தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்விகூட விடை குறிக்காமல் இருக்கக்கூடாது. வீட்டில் டிவி சத்தம், விருந்தாளி என்று இருந்தால், முழுநீள மாதிரித் தேர்வுக்கு மதுரை நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளை வெளியிடத்தில் உட்கார்ந்து எழுதவும் பழகும்.

பின்னர் சேர்த்தது: உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா, மீதி வரும் கணக்குகளில் மகள் தடுமாறுவதாக எழுதியிருந்தார். 122-ஐயும் 95-ஐயும் வகுத்தால் முறையே 2, 5 மீதி வரும் மிகப்பெரிய எண் எது? முதலில் மீதியைக் கழித்துவிடுங்கள்: 120, 90. மீ.பெ.கா 30. மீ.சி.ம வகையில் மீதியைக் கடைசியில் கூட்ட வேண்டும். 12, 18 இரண்டாலும் வகுக்க 5 மீதி வரும் மிகச்சிறிய மூன்றிலக்க எண் வேண்டுமென்றால், 36-இன் மூன்றிலக்க மடங்குகளில் முதலாவது 108, அதனுடன் 5 கூட்டினால் 113. 77 மூன்றிலக்கம் ஆகாது என்பதையும், 113-க்கு முந்தியது அதுதான் என்பதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கும் இதே முறை ஆகுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தாள் வேறு. 180 நிமிடம், 400 மதிப்பெண், கணக்கு மட்டும் 200, கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் வழிப் பிள்ளையென்றால் எட்டாம் வகுப்பு ஆங்கில வழிக் கணக்குப் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.