'கெட்': பின்னால் வருவதைப் பார்த்தால் பொருள் தெரியும்

ஆங்கிலத்தில் 'கெட்' என்றால் 'பெறு' என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் பாதி வாக்கியங்கள் பிடிபடாது. அதன் பின்னால் என்ன வருகிறது என்று கவனியுங்கள்.

பொருள் வந்தால் கிடைப்பது: 'ஐ காட் எ லெட்டர்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'வீ காட் டு மதுரை அட் நைன்'. 'ஹோம்' வந்தால் 'டு' கிடையாது, 'கெட் ஹோம்' தான். நிலையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆவது': 'இட்ஸ் கெட்டிங் டார்க்'.

நம்மில் பலர் தடுமாறுவது பிறரைக் கொண்டு வேலை வாங்கும் இடத்தில். ஆளைச் சொன்னால் 'டு' வேண்டும்: 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் தி ஃபேன்'. பொருளைச் சொன்னால் 'டு' போய், வினையின் மூன்றாம் வடிவம் வரும்: 'ஐ காட் தி ஃபேன் ரிப்பேர்ட்'. வெறுமனே 'ஐ ரிப்பேர்ட் தி ஃபேன்' என்றால் நீங்களே ஸ்டூலில் ஏறிச் சரிசெய்ததாக அர்த்தம்!

அப்புறம், அமெரிக்கர்கள் 'ஹேவ் காட்டன்' என்றால் பருத்தி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 'காட்' என்று சொல்லும் மூன்றாம் வடிவம் அங்கே பெரும்பாலும் அப்படித்தான். 'என்னிடம் இருக்கிறது' என்ற பொருளில் அவர்களும் 'ஐ ஹேவ் காட்' என்பார்கள், அங்கே 'காட்டன்' வராது.