பழைய மாருதி 800-இல் கசியும் பெட்ரோல் ஹோஸை வீட்டிலேயே மாற்றும் முறை

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) பொருத்திய பழைய மாருதி 800-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, பானட்டைத் திறந்தவுடன் லேசாக வரும் பெட்ரோல் வாடை பழகிப்போன ஒன்று. வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கடந்தும் அந்த வாடை போகவில்லை என்றாலோ, காலையில் வண்டியை நெருங்கும்போதே மூக்கில் ஏறினாலோ, எங்கோ கசிகிறது என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்த இடம், பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிறிய ரப்பர் ஹோஸாகவே இருக்கும். அதை மாற்றும் வேலை இருபது நிமிடம்தான் பிடிக்கும். அதற்கு முன் செய்யும் ஆயத்தத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க முடியாதவர்கள் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

2000-ஆம் ஆண்டு முதல் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் வண்டிகளுக்கு, இங்கே சொல்லும் முறை பொருந்தாது. கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் அசைவால் இயங்கும் பம்ப், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தையே தரும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அது 35 பவுண்டுக்கு மேல் இருக்கும்; எஞ்சின் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருப்பதால், ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அந்த வண்டிகளைப் பட்டறைக்கே அனுப்புங்கள்.

இந்த ஹோஸ்கள் இப்போது முன்பைவிட விரைவாகக் கெடுவதற்கு வயது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. பழைய வண்டிகளின் சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸ் இவ்வளவு எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ரப்பரை ஊதவைக்கிறது. அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள்களையும் கரைத்து வெளியேற்றுகிறது. வண்டி பல நாள் நின்று ஹோஸ் உலரும்போது ரப்பர் இறுகி வெடிக்கிறது. ஆகவே பழைய தரத்திலேயே இன்னொரு ஹோஸ் வாங்கிப் போட்டால், விரைவிலேயே இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கசிவு எங்கே என்பதை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் ஈரம் கண்ணில் படாமல் போகலாம். சுற்றிலும் தூசி படிந்திருக்க ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அதுவே கசிவின் தடம். ஹோஸின் நடுப்பகுதியைவிட, கிளிப் அழுத்தும் இரு முனைகளிலேயே வெடிப்பு முதலில் தோன்றும். ஹோஸை லேசாக வளைத்துப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு பக்கத்து ஹோஸில் வெடிப்பு இருந்தால் அடையாளம் வேறு: வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் ஏறும்போது இழுவை குறைவதும், காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பதும் அதனால் வரலாம். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பம்பின் அடிப்பக்கத்திலிருந்தே பெட்ரோல் சொட்டினாலோ, ஆயில் அளவுக் கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ, பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. அப்போது ஹோஸை மாற்றிப் பயனில்லை. பம்பை மாற்றி, எஞ்சின் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

ஹோஸ் வாங்கும்போது நீளத்தை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் தரக் குறியைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்பது கார்புரேட்டர் வண்டியின் குறைந்த அழுத்தத்துக்கான ஹோஸ். ஆர்9 என்பது எம்.பி.எஃப்.ஐ. அழுத்தத்துக்கானது, அதன் உள்பூச்சு ஃப்ளூரோ ரப்பரால் ஆனது என்பதால் எத்தனாலை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான் என்றாலும், கார்புரேட்டர் வண்டிக்கும் ஆர்9 வாங்குவதே இன்றைய பெட்ரோலுக்கு ஏற்றது. உள்விட்டத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஹோஸ் மாட்டியிருக்கும் இரும்புக் குழாயின் முனையை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டு போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகள் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் ரப்பர் பொருளை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபும் வேண்டாம். எங்கள் வீட்டு 1997 மாடல் வண்டியில் ஒரு நெடுஞ்சாலைப் பட்டறையில் அவசரத்துக்குப் போட்ட அப்படிப்பட்ட டியூப், இரண்டே மாதத்தில் கண்ணாடிபோல் இறுகி, கிளிப் ஓரத்தில் வெடித்துச் சூடான எஞ்சின்மேல் சொட்டியது. எம்-சீல், இன்சுலேஷன் டேப், சைக்கிள் டியூப் துண்டு ஆகியவற்றால் ஒட்டுப் போடுவதும் இதே ஆபத்தில்தான் முடியும். கிளிப்பில், உள்பக்க ஓரம் மழுங்கலாக மடிக்கப்பட்ட வகையையே வாங்குங்கள். ஓரம் கூராக இருந்தால் திருகும்போது ரப்பரை வெட்டும். பெட்ரோல் ஃபில்டரும் அதே வயதினதாக இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

இனி இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு ஊர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றில் அதன் அளவு 1.4 சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறி போதும். ஆகவே மூடிய கராஜிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அங்கே சம்ப் மோட்டாரின் தானியங்கி ஸ்விட்ச் எந்த நேரமும் போட்டுக்கொள்ளும். இன்வெர்ட்டரும் அருகிலேயே இருக்கும். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், ஸ்டார்ட் செய்து எடுத்துப் போகாதீர்கள். வாசல் விளக்கு, சாம்பிராணி, அடுப்பு எதுவும் அருகில் எரியக் கூடாது. கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கை எட்டும் தொலைவில் வைத்து, அதை இயக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். பருத்தி உடை அணியுங்கள். வேலை தொடங்கும் முன் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டு, உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தினால், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து வருவது குறையும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிறகு டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்த காற்றழுத்தத்தை விட்டுவிட்டு மூடுங்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் இறக்க வேண்டியிருந்தால் கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மிடையே சாதாரணமாக இருக்கிறது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் கடும் அழற்சி உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அதை எவரும் செய்யக் கூடாது.

ஹோஸுக்கு அடியில் ஒரு சிறிய தட்டும் பழைய பருத்தித் துணியும் வையுங்கள். கிளிப்பைத் தளர்த்தி நடுப்பக்கம் நகர்த்துங்கள். பல ஆண்டு இருந்த ஹோஸ் குழாயோடு ஒட்டியிருக்கும். கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கினால் கார்புரேட்டரின் மெல்லிய குழாய் ஆடிப்போகும். அதைவிட, முனைப்பகுதியில் நீளவாக்கில் பிளேடால் மெல்லக் கீறி, வாழைத்தோலை உரிப்பதுபோல் உரித்தெடுப்பதே நல்லது. பிளேடு குழாயில் கோடு போட்டுவிடக் கூடாது. அந்தக் கோட்டின் வழியே புதிய ஹோஸும் கசியும். உறிஞ்சு பக்க ஹோஸைக் கழற்றினால், டேங்க் பக்கம் திறந்து நிற்கும் முனையை அளவான, சுத்தமான போல்ட் ஒன்றால் உடனே அடையுங்கள்.

குழாய் முனையில் துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். தூள் குழாய்க்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஹோஸைப் பழையதன் நீளத்துக்கே, கூரிய பிளேடால் நேராக வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் உதிரும் ரப்பர் துகள் கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, அடைத்துவிடும். இரண்டு கிளிப்புகளையும் முதலிலேயே ஹோஸில் மாட்டிக்கொள்ளுங்கள். முனையில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, குழாயின் புடைத்த வளையத்தைத் தாண்டி ஏறத்தாழ 25 மி.மீ. உள்ளே போகும்வரை தள்ளுங்கள். கிளிப் அந்த வளையத்துக்கு அப்பால், ஹோஸ் முனையிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார வேண்டும். ரப்பர் கிளிப்பின் இருபுறமும் லேசாகப் புடைக்கும் அளவுக்குத் திருகினால் போதும். ஹோஸ் மடங்கிவிடாமலும், எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை நெருங்காமலும், எந்தக் கூர்முனையிலும் உராயாமலும் முன்பிருந்த வழியிலேயே போக வேண்டும். ஃபில்டரை மாற்றினால் அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அந்தத் துணிகளைத் திறந்த வெளியில் காயவிட்டு, வாடை முற்றிலும் போனபின் மட்டுமே பேட்டரியை இணையுங்கள். நான் அரை மணி நேரமாவது காத்திருப்பேன். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு வரும் சிறு வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஓடாது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் இயங்கி ஹோஸ் நிரம்பும். ஐந்து விநாடி வீதம் இரண்டு மூன்று முறை அடித்து, இரண்டு இணைப்புகளையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையவில்லை என்றால் வயரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நிறுத்தி மறுபடியும் பாருங்கள். சூட்டில் ரப்பர் தளர்ந்து அப்போதுதான் கசியத் தொடங்குவதும் உண்டு. மறுநாள் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் ஒருமுறை பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் கிளிப்பின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். அன்றைக்கே டேங்கின் அருகிலுள்ள ஹோஸ்களையும் குனிந்து பார்த்துவிடுங்கள். முன்னால் வெடித்த ஹோஸின் வயதுதான் அவற்றுக்கும்.