முதலில் துண்டைப் போடுங்கள்: அமெரிக்க ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லீவுக்கு ஊர் வந்து அம்மாப்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் போனை நீட்டினார். அவர் பையன் பெரியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்து, போன மாதம்தான் அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலையில் சேர்ந்திருக்கிறான். "அண்ணா, கிரீன் கார்டுக்கு எப்பங்க போடலாம்?" என்றான். போய் முப்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அவசரமா என்று சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. இதே கேள்வியை ஐந்து வருடம் தாமதமாகக் கேட்டவன் நான்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் கூட்டமான பஸ் வந்தால் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, அப்புறம்தான் ஏறுவோம். வேலை வழியாகக் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியுரிமை அட்டை கேட்டு முதலில் போடும் ஐ-140 பெட்டிஷனும் அந்தத் துண்டுதான். நீங்களே போடக்கூடிய வகைகளில், அது குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் உங்கள் பிரயாரிட்டி டேட், வரிசையில் உங்கள் இடம். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். ஒரு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு. எந்த நாட்டின் குடிமகன் என்பதல்ல, எங்கே பிறந்தீர்கள் என்பதே கணக்கு. (மனைவியோ கணவரோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர்களுடைய வரிசையில் நிற்கலாம்.) எந்தத் தேதி வரை போட்டவர்களின் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்வது விசா புல்லட்டின். 2025 நடுவில் வந்ததில், வேலை வழி வகைகளில் இரண்டாவதான ஈபி-2 வரிசை இந்தியாவுக்கு 2013 ஜனவரியில் நின்றது, முதல் வகையான ஈபி-1 வரிசை 2022 பிப்ரவரியில். இரண்டுக்கும் ஒன்பது வருட வித்தியாசம்.

"அப்படியானால் ஈபி-2 எதற்கு?" என்று கேட்பீர்கள். ஈபி-2 பெட்டிஷன் ஒப்புதலாகிவிட்டால், பின்னால் ஈபி-1 ஒப்புதலாகும்போது பழைய தேதியை அதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பஸ்ஸில் போட்ட துண்டோடு அடுத்த பஸ்ஸில் ஏறுகிற வசதி. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஐ-140 ஒப்புதலாகி வரிசையில் காத்திருந்தால், ஆறு வருடம் முடிந்த பிறகும் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் போகும் வழிகள் மூன்று. ஈபி-1பி என்பது பல்கலைக்கழகமோ நிறுவனமோ நிரந்தர ஆய்வு வேலை கொடுத்து உங்களுக்காகப் போடுவது. மூன்று வருட அனுபவமும், ஆறு அளவுகோல்களில் இரண்டும் வேண்டும். ஈபி-1ஏ நீங்களே போடலாம். பத்தில் மூன்று அளவுகோல், அதற்குமேல் மொத்தமாகப் பார்த்து ஒரு தீர்ப்பு. போஸ்ட்டாக்கின் முதல் வருடத்தில் இதற்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. புதியவருக்கு ஏற்றது ஈபி-2வில் தேசிய நலன் விலக்கு, எல்லோரும் என்ஐடபிள்யூ என்று சொல்வது. வேலை தருபவரின் தயவு வேண்டாம்.

என்ஐடபிள்யூவை இன்று 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பின்படி எடைபோடுகிறார்கள். உங்கள் முயற்சிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்க நீங்கள் தகுந்த ஆளா, வேலை வாக்குறுதியும் தொழிலாளர் சான்றும் (அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்ற சான்று) இல்லாமல் உங்களை அனுமதிப்பது நாட்டுக்கு லாபமா என்று மூன்று கேள்வி. நம்மவர்கள் சறுக்குவது முதல் கேள்வியில்.

ஆத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், மரவள்ளித் தேமல் நோயில் ஆராய்ச்சி செய்தவன், தன் வரைவை என்னிடம் காட்டினான். ஜவ்வரிசி ஆலைகள், சேலத்து விவசாயி என்று நாலு பக்கம். நமக்குக் கண் கலங்கும். அமெரிக்க அதிகாரிக்கு இதில் என்ன இருக்கிறது? தேமலை உண்டாக்குவது வெள்ளை ஈ பரப்பும் பெகோமோவைரஸ். புளோரிடாவின் தக்காளித் தோட்டங்களைப் படுத்துகிற இலைச்சுருட்டை வைரஸும் அதே பேரினம், பரப்புவதும் அதே வெள்ளை ஈ. அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். ஆராய்ச்சி மாறவில்லை, சொல்லத் தொடங்கும் இடம் மாறியது. அப்புறம் "தாவர நோயியல் முக்கியமானது" என்ற பொது வசனத்தை வெட்டச் சொன்னேன். துறை முக்கியமா என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் வேலை முக்கியமா என்றுதான் கேட்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் கைடு "நல்ல பையன், கடும் உழைப்பாளி" என்று எழுதினால் பயனில்லை. உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாத ஒருவர், உங்கள் முடிவைத் தன் ஆய்வில் எப்படிப் பயன்படுத்தினார் என்று எழுதினால் அதற்குத் தனி எடை. கருத்தரங்கில் யாராவது உங்கள் போஸ்டர் முன் நின்று பத்து நிமிடம் பேசினால் அவர் முகவரியை வாங்கி வையுங்கள். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை மதிப்பீடு செய்து கொடுத்தால் ஆசிரியரின் நன்றி மின்னஞ்சலைப் பிடிஎஃப் ஆக்கிச் சொந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். பல்கலைக்கழகக் கணக்கை மூடியபோது எனக்குப் போனவை இப்படிப்பட்ட கடிதங்கள்தான்.

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்தவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு உண்டா என்று விசாவிலும், ஜே-1க்குத் தரும் டிஎஸ்-2019 படிவத்திலும் பாருங்கள். இந்த நிபந்தனைக்குக் காரணமாகும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அரசுப் பணத்தில் வந்திருந்தால் நிபந்தனை அப்படியே நிற்கும். அது இருந்தாலும் ஐ-140 போடலாம். விலக்கு வாங்காமல் ஹெச்-1பிக்கோ, கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485க்கோ போக முடியாது. இன்னொன்று: ஜே-1இல் இருக்கும்போது ஐ-140 போட்டுவிட்டு ஊருக்கு வந்தால், சென்னையில் மறுபடி விசா கேட்கும் அன்று இந்தியாவுக்குத் திரும்பி வரும் எண்ணம் உண்டா என்று குடைவார்கள். முதலில் ஹெச்-1பிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பல்கலைக்கழகங்கள் போடும் ஹெச்-1பிக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் லாட்டரியும் கிடையாது.

பெயர் விவகாரம் தனிக் கதை. ஊரில் எழுதிய கட்டுரைகளில் இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியது. அமெரிக்காவில் என் கட்டுரைகளை எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். தறி ஓட்டியே வாழ்ந்த மனுஷர், கூகுள் ஸ்காலரில் விஞ்ஞானி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்க்கிட்டிலும், கூட எழுதியவர் ஒருவரின் கடிதத்திலும் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் ஐ-140க்கு வேண்டாம். கடைசிப் படியான ஐ-485க்கு வேண்டும். ஆனால் இப்போதே எடுத்துப் பாருங்கள். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ 1997க்கு முன் பிறந்தவர்களின் பழைய சான்றிதழில் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும்; நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல். மற்ற ஆவணங்களில் நாமக்கல் என்று இருந்தால் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். தமிழில் உள்ள எதற்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

என் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலி. பிறந்ததை அறிந்த இரண்டு பேரின் பிரமாணப் பத்திரமும் இருந்தால் நல்லது என்றார் வக்கீல். நேற்றுப் பெரியம்மாவிடம் கேட்டேன். "நீ பொறந்தது எனக்குத் தெரியாதா கண்ணு? வியாழக்கிழமை, விடியக் கருக்கல், கொட்டுற மழை" என்றார். தேதி வேண்டும் பெரியம்மா என்றேன். யோசித்தார். "அது உங்க அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.