இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எள்ளைச் சமையலில் சேர்க்கும் முறை

மக்வே, மாந்தளே, சகாயிங் வட்டாரங்களில் விளையும் எள் பர்மாவில் ஆண்டு முழுவதும் கிடைப்பதால், இரத்த அழுத்தத்துக்கு அது நல்லது என்று கேள்விப்பட்டவுடன் நம் வீடுகளில் பலர் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இரண்டு எள்ளுருண்டைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 100 கிராமில் சுமார் 570 கலோரி உண்டு. வெல்லமும் சேர்ந்தால் உடல் எடை கூடும், எடை கூடினால் அழுத்தமும் ஏறும். ஆகவே வேறொன்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எள்ளைக் கொண்டுவருவதே முறை.

முதலில் மாற்ற வேண்டியது எண்ணெய். பாமாயிலில் ஏறத்தாழ பாதி, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 15 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, மீதி பெரும்பாலும் ஒலீயிக், லினோலீயிக் எனும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள். நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் இவை வரும்போது கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். செசமின் முதலிய லிக்னன்கள், தாவர ஸ்டெரால்கள் எனும் இயற்கை வேதிப்பொருள்களும் எள்ளின் கூடுதல் சிறப்பு. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டு வந்தவர்கள் 45 நாள் நல்லெண்ணெயை மட்டுமே சமையலுக்குப் பயன்படுத்தியபோது அழுத்தம் குறைந்தது. பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் மீண்டும் ஏறியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் கட்டுப்பாட்டோடு நடத்தப்பட்ட ஆய்வுகளில் குறைவு சிறிதாகவே தெரிகிறது என்பதால், மாத்திரையின் வேலையை எள்ளிடம் ஒப்படைக்கக் கூடாது. எண்ணெயை வாங்கும்போது, நல்லெண்ணெய் என்ற பெயரில் பாமாயில் கலந்து விற்பதும் உண்டு என்பதால், நம்பிக்கையான செக்கில் வாங்குவது நல்லது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல், பொரிப்பதைக் குறைத்துத் தாளிக்கவும் வதக்கவும் பயன்படுத்தலாம்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஙப்பி எனும் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதும் மீன்சாறும் புழங்கும் சாப்பாட்டில் அந்த அளவு காலையிலேயே தீர்ந்துவிடக்கூடும். லப்பே தோ எனும் ஊறவைத்த தேயிலைக் கலவையில் எள் தாராளமாக விழுகிறது என்று மனம் ஆறுதல் கொள்ளலாம், ஆனால் அதிலுள்ள உப்பை எள் ஈடுகட்டாது. எள்ளுப்பொடியின் பயன் இங்கேதான்: வறுத்த எள்ளின் மணம் இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை.

பொடிக்குத் தோல் நீக்காத எள்ளே ஏற்றது. கால்சியத்தின் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. எள்ளை நீரில் களைந்து, கல் போக அரித்து, நிழலில் உலர்த்திய பின், எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை எள் பொன்னிறமாவது கண்ணுக்குத் தெரியும். கறுப்பு எள்ளில் நிறம் காட்டாது என்பதால், படபடவென வெடிக்கத் தொடங்கியதும் நாலைந்து மணிகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். மொறுமொறுப்பாக நொறுங்கி மணம் வந்தால் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிக் கசந்துவிடும். நன்றாக ஆறிய பின் வறுத்த மிளகாய், பூண்டு, கறிவேப்பிலையுடன் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். உப்பை வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி போதும். முழு எள்ளை மெல்லாமல் விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். அரைத்துச் சாப்பிடச் சொல்வது அதனால்தான். ஈரமில்லாத புட்டியில் அடைத்து, சிக்கு வாடை வருமுன் தீர்த்துவிடும் அளவுக்கே அரையுங்கள்.

எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. ஆக்சலேட் மிகுந்த பொருள் ஆகையால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

பயன் தெரிகிறதா என்பதை அளந்தே அறிய முடியும். தேநீரோ சுருட்டோ முடித்து அரை மணி நேரம் கழிந்த பின், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சுயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்து வையுங்கள். சில வாரக் குறிப்புகளைப் பார்த்து மருந்தைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ ஒரு பக்கம் தளர்ச்சியோ இருந்தால் எந்த வீட்டு வைத்தியத்துக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.