காட்டு விலங்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வைப்பது எப்படி? கிண்டி மானிலிருந்து தொடங்குங்கள்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கியிருக்கிறீர்களா? காட்டு விலங்குகள் அதற்கு நல்ல பாடம். ஆனால் பலரும் செய்வது ஒன்றுதான்: ஒரு சார்ட் வாங்கி மாட்டி, லயன், டைகர், எலிஃபன்ட் என்று கோரஸாகச் சொல்லவைப்பது. சென்னையில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்களில் பாதி ஏற்கெனவே தெரியும். யானை என்ன செய்யும், எங்கே இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால்தான் விழிப்பார்கள். அவர்களிடம் குறைவது வினைச்சொல். அதனால் பாடத்தை வினைச்சொல்லை வைத்துக் கட்டுங்கள்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பழைய காலண்டரிலும் செய்தித்தாளிலும் வெட்டிய விலங்குப் படங்கள், ஒரு சின்ன போர்டு, சாக்பீஸ். அவ்வளவுதான்.

படி 1: நம்மூர் விலங்குகள் ஆறு

இங்கே நமக்கு ஒரு வசதி. ஊருக்கு நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் புள்ளிமான், வெளிமான், நரி, கீரி, குரங்கு எல்லாம் வாழ்கின்றன. கூடவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976 முதல் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து ஒரு முதலையைச் சேர்த்துக்கொண்டால் ஆறு. முதல் வகுப்புக்கு இது போதும். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் காத்திருக்கட்டும்.

பெயரைத் தனியாகச் சொல்லாமல் ஒவ்வொன்றோடும் ஒரு செயலைச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ‘எ டீர் ஈட்ஸ் கிராஸ்.’ ‘எ மங்கி கிளைம்ஸ் ட்ரீஸ்.’ ‘எ மங்கூஸ் கில்ஸ் ஸ்னேக்ஸ்.’ ‘எ குரோக்கடைல் ஸ்விம்ஸ்.’ கையை ஆட்டி, ஏறி, நீந்திக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கூச்சலாகத்தான் இருக்கும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

படி 2: நாலு அச்சு

இனி எந்த விலங்கையும் நாலு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். எப்படி இருக்கும் என்பதற்கு ‘இட் இஸ்’, உடலில் என்ன உண்டு என்பதற்கு ‘இட் ஹேஸ்’, எங்கே வாழும் என்பதற்கு ‘இட் லிவ்ஸ் இன்’, என்ன செய்ய முடியும் என்பதற்கு ‘இட் கேன்’.

இரண்டு தவறுகள் கட்டாயம் வரும். ஒன்று, ‘இட் இஸ் ஹேவிங் எ டிரங்க்’. பெரியவர்களே இப்படிப் பேசுவதால் பிள்ளைகள் காதில் அது ஊறிப்போயிருக்கிறது. ‘இட் ஹேஸ் எ லாங் டிரங்க்’ என்று நீங்கள் திருப்பிச் சொன்னாலே போதும், இலக்கண வகுப்பு எடுக்க வேண்டாம். இன்னொன்று, ‘கேன்’ வந்த பிறகும் வினையில் ‘ஸ்’ ஒட்டிக்கொள்வது: ‘இட் கேன் ரன்ஸ்’. இதை மட்டும் போர்டில் எழுதி, அந்த ‘ஸ்’ஸை எல்லார் கண்ணெதிரிலும் அழித்துக் காட்டுங்கள்.

இல்லை என்று சொல்லப் பழக வெளிமான்தான் சரியான ஆள். ஆணுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடையாது. ‘தி மேல் ஹேஸ் ஹார்ன்ஸ். தி ஃபீமேல் டஸின்ட் ஹேவ் ஹார்ன்ஸ்.’ இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘ஹேஸ்’ எப்படி ‘ஹேவ்’ ஆகிறது என்பது படத்தோடு சேர்ந்து மனதில் நிற்கும்.

படி 3: பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் ஆமை

என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தின் உயிர் இந்தப் படிதான். தனித்தனி வாக்கியம் சொல்லத் தெரிந்தவர்களைத் தொடர்ந்து பேசவைக்க ஒரு கதை வேண்டும், அது நம் கடற்கரையிலேயே நடக்கிறது. ஆண்டு தொடக்கத்து மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும். ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை. கல்லூரி மாணவர்கள் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

முதலில் இதை நன்றாகத் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். புரியாத கதையை எந்த மொழியில் சொல்லி என்ன பயன்? அப்புறம் ஐந்து படம் வரைந்து ஐந்து வாக்கியம்:

‘தி டர்டில் கம்ஸ் டு தி பீச் அட் நைட். ஷி டிக்ஸ் எ ஹோல். ஷி லேஸ் எக்ஸ். ஷி கவர்ஸ் தி எக்ஸ் வித் சாண்ட். ஷி கோஸ் பேக் டு தி சீ.’

ஒரு பிள்ளைக்கு ஒரு படம். வரிசையாகச் சொல்லட்டும். பிறகு படங்களைக் கலைத்துக்கொடுத்து, ‘ஃபர்ஸ்ட்’, ‘தென்’, ‘ஆஃப்டர் தட்’ சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாள் முட்டைகளின் பக்கத்திலிருந்து: ‘தி பேபீஸ் கம் அவுட். தே கோ டுவர்ட்ஸ் தி லைட்.’ ஒன்று பலவானதும் வினையின் ‘ஸ்’ போய்விடுவதை இப்போது அவர்களே கவனிப்பார்கள். குஞ்சுகள் ஏன் கடலை விட்டுத் தெருவிளக்குப் பக்கம் போய்விடுகின்றன என்று யாராவது கேட்டால் வகுப்பு ஜெயித்துவிட்டது. இலக்கணத்தை மறந்துவிட்டு அதைப் பேசவிடுங்கள்.

படி 4: கேள்வி கேட்கும் விளையாட்டு

ஒருவர் ஒரு விலங்கை மனதில் நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் கேட்க வேண்டும். ‘டஸ் இட் ஈட் மீட்?’ ‘கேன் இட் கிளைம்?’ ‘டஸ் இட் லிவ் இன் வாட்டர்?’ ‘டஸ்’ கேள்விக்குப் பதில் ‘யெஸ், இட் டஸ்’ அல்லது ‘நோ, இட் டஸின்ட்’ மட்டும்; ‘கேன்’ கேள்விக்கு ‘யெஸ், இட் கேன்’ அல்லது ‘நோ, இட் கான்ட்’. தலையை ஆட்டினால் செல்லாது.

படி 5: தூரத்து விலங்குகள்

சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாம் இப்போது வரலாம். உச்சரிப்பில் சிறுத்தையை மட்டும் கவனியுங்கள்: ‘லியோபார்ட்’ இல்லை, ‘லெப்பர்ட்’. ஒப்பிட்டுப் பேசவும் இங்கேதான் இடம்: ‘எ சீட்டா இஸ் ஃபாஸ்டர் தன் எ டைகர். எ டைகர் கேன் ரோர். எ சீட்டா கான்ட் ரோர்.’ சீட்டாவுக்கு, அதாவது சிவிங்கிப்புலிக்கு, கர்ஜிக்க வராது என்பதைப் பிள்ளைகள் லேசில் நம்ப மாட்டார்கள். வாதாடட்டும், ஆனால் ஆங்கிலத்தில்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு இறந்தகாலம். இந்தியாவில் சீட்டா அற்றுப்போனதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. ‘எய்ட் சீட்டாஸ் கேம் ஃப்ரம் நமீபியா இன் 2022.’ ‘கம்’ ‘கேம்’ ஆவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

படி 6: வண்டலூர்

முடிந்தால் ஒருநாள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். ஒவ்வொரு கூண்டாக நின்று பெயர்ப் பலகையை எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள், பாதியிலேயே சலித்துவிடும். ஆளுக்கு ஒரு விலங்கு. அதன் முன்னால் பத்து நிமிடம் நின்று, அந்த நேரத்தில் அது செய்வதைச் சொல்ல வேண்டும்: ‘தி டைகர் இஸ் ஸ்லீப்பிங்.’ பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் குரங்குப் பக்கம் போய்விடுங்கள், வினைச்சொல்லுக்குப் பஞ்சமே இருக்காது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதால் அதைத் தவிர்த்து, வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள்.