வாடிய இலையைக் கண்டதும் வாளியைத் தூக்காதீர்கள்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் மிளகாய்க் கன்றுகளைப் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கும். மனம் கேட்காமல் உடனே தண்ணீர் விடுவோம். அநேகமாக அது தேவையில்லை. இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் நீரை ஏற்ற முடியாதபோது இலை தளர்கிறது, இலைத்துளைகளும் மூடிக்கொள்கின்றன. வாழை இலையின் இரு பாதியும் நடுநரம்பிலிருந்து கீழே மடிவதும் அப்படித்தான். பின்னேரம் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. விடியக்காலையிலும் வாடியே நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

அப்போதும் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் இலை வாடினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். மார்கழி மழையில் வெள்ளம் நின்ற இடத்துப் பப்பாசி மஞ்சளாகிச் சாய்வது இதனால்தான்: ஒட்சிசன் கிடைக்காத வேர், தண்ணீருக்குள் நின்றும் தண்ணீர் எடுக்காது. அதற்கு மேலும் ஊற்றுவது கன்றைக் கொல்வதுதான்.

மஞ்சள் நிறத்தையும் எல்லோரும் ஒன்றாகவே பார்க்கிறோம். வறட்சியில் பொதுவாக அடியிலுள்ள முதிர்ந்த இலைதான் முதலில் பழுத்து உதிரும். நரம்பு பச்சையாக இருக்க, குருத்திலை மட்டும் வெளிறினால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எளிதில் எட்டாது. எவ்வளவு இறைத்தாலும் இது தீராது. காய்ந்த மண்ணில் யூரியா போடுவதோ இன்னும் மோசம், இலை விளிம்பு கருகிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது உவர்நீர்தான். நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் கீழிருக்கும் உப்பு மேலேறும். தீவுப்பகுதியிலும் கரையோரக் கிணறுகளிலும் இது சீக்கிரம் தெரியும். அந்த நீரை இலைமேல் தெளித்தால் நுனியும் விளிம்பும் தீய்ந்ததுபோல் ஆகும். அதைத் தண்ணீர்க்குறை என்று நினைத்து இன்னும் இறைக்கிறோம். உப்பு மண்ணில் சேர, வேர் நீரை இழுப்பது மேலும் கடினமாகிறது. வேரடியில் மட்டும் விடுங்கள். கிணற்றுக்கும் ஊற ஓய்வு கொடுங்கள்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதும் வேண்டாம், வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்து, பொச்சுமட்டையோ பூவரசங்குழையோ பரப்புங்கள்.

அப்புறம், கோடையில் இலை கொட்டிய முருங்கையைப் பட்டுவிட்டதென்று தறித்துவிடாதீர்கள். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், மழை விழ மறுபடி துளிர்க்கும்.