டேப் டிரைவ் காணவில்லையா? முதலில் கார்டைக் கேளுங்கள்

தம்பு செட்டித் தெருவில், இரண்டாவது மாடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (கஸ்டம்ஸ் புரோக்கர்) அலுவலகம். அங்கே கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார்: "தம்பி, மூணு நாளா பேக்கப் ஓடல. டேப் டிரைவே இல்லன்னு சொல்லுது." கோப்புகளின் நகலைக் காந்த நாடாவில் எழுதி வைக்கும் கருவிதான் டேப் டிரைவ். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாள் விட்டுப்போனது எனக்குப் பயமாகவே இருந்தது. ராயபுரத்திலிருந்து உடனே கிளம்பினேன்.

போனதும் பேக்கப் மென்பொருளை நான் தொடவில்லை. பலர் அதை அழித்துவிட்டு மறுபடி போடுவதில் அரை நாளை விடுகிறார்கள். சர்வருக்கே தெரியாத டிரைவ் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

சர்வரை முறையாக நிறுத்துங்கள். முதலில் டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து, விளக்குகள் சிமிட்டி அடங்கும்வரை பொறுங்கள். அப்புறம்தான் சர்வர். சர்வர் முந்திக்கொண்டால், டிரைவ் தயாராகும் முன்பே, அதன் கேபிள் செருகியிருக்கும் எஸ்ஏஎஸ் (SAS) கார்டு சாதனங்களைத் தேடி முடித்துவிடலாம்.

சர்வர் எழும்போது அந்தக் கார்டின் அமைப்புத் திரைக்குள் போங்கள். பழைய எல்எஸ்ஐ (LSI) நிறுவனக் கார்டுகளில் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்த வேண்டும். அங்கே இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அதில் டிரைவ் இல்லையென்றால் லினக்ஸையோ விண்டோஸையோ குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு கேபிள், கார்டு, டிரைவ் இந்த மூன்றுக்குள்தான்.

தம்பு செட்டித் தெருவில் பட்டியல் காலி. சர்வரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டுகள் இரண்டு, வாய்கள் ஒரே அச்சு. ஒன்று டேப்புக்கான சாதாரண எச்பிஏ (HBA), அதாவது சாதனத்தை அப்படியே சர்வரோடு இணைக்கும் கார்டு; மற்றொன்று பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு (RAID) கார்டு. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் நகர்த்தியவர்கள் கேபிளை ரெய்டு கார்டில் செருகியிருந்தார்கள். ரெய்டு கார்டுகள் பலவும் டேப்பை ஏற்பதில்லை. கேபிளைக் கழற்றி எச்பிஏவில் செருகினேன், 'டக்' என்று கொக்கி விழுந்தது, பட்டியலில் டிரைவ் வந்துவிட்டது. கேபிளில் இப்போது 'டேப்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறதென்றால் கழற்றி முனையைப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் உலோகம் சீக்கிரம் களிம்பேறும். வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

கார்டுக்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரியவில்லையா? இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ' (lsscsi) கட்டளையைக் கொடுங்கள். 'டேப்' என்ற வரி இருந்தும் கடைசியில் வெறும் கோடு மட்டும் நின்றால், 'எஸ்டி' (st) என்ற டிரைவர், அதாவது டேப்பை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை. 'மோட்புரோப்' (modprobe) கட்டளை கொண்டு ஏற்றுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரிந்தால், டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரைப் போடுங்கள். விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றால் கார்டையே அதற்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

டிரைவ் தெரிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பழைய பேக்கப் இல்லாத ஒரு டேப்பைப் போட்டு, ஒரு சிறு கோப்பை எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். அக்காவிடம் ஒரு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) கோப்பைக் கேட்டு வாங்கி எழுதினேன். டேப்பிலிருந்து மீட்டு அவர் திரையிலேயே திறந்து காட்டினேன். விட்டுப்போன மூன்று நாளுக்கும் சேர்த்து அன்று இரவே முழு பேக்கப் ஓடியது.